சாவுக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை

எங்கள் தோட்டத்துத் துரை மாதத்துக்கு ஒரு முறை வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோட்டாரில் ஏறி நுவரெலியாவுக்குப் போவார். செவ்வாய்க்கிழமை காலையில்தான் திரும்ப முகம் காட்டுவார். அதற்குப் பெயர் ஓய்வு. அதே மூன்று நாள் தேயிலை பறிக்கும் ஒரு கொழுந்துக்காரி கண்ணில் படாமல் போனால் அதற்குப் பெயர் ஓட்டம். ஓடிப்போனவளைத் தேடி ஆள் போகும். பக்கத்துத் தோட்டங்களுக்குக் கடிதம் போகும்.

நமுனுகுல மலைச் சரிவில் இருந்த அந்தத் தோட்டத்தில் நான் ஆறு வருடமாக மருத்துவச்சி. பெயர் அன்னம்மாள். திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் பழகி, கல்யாணம் முடிந்த கையோடு கணவருடன் கப்பல் ஏறி வந்தவள். அவருக்குத் தேயிலை ஆலையில் வேலை. எனக்கு மருந்துக் காம்பராவில்; காம்பரா என்றால் அறை. அதை ஒட்டிய சின்ன அறையில்தான் எங்கள் குடித்தனம். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

பயணத்தைத் தொடங்கி வைத்தவள் காமாட்சியக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், கொழுந்து பறிப்பவள், அதே லயத்து வரிசை வீட்டில் பிறந்து அதிலேயே வாழ்பவள். கணவர் செத்து வெகு காலம் ஆயிற்று. மகளைப் பசறைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தாள். அட்டை கடித்த புண்ணுக்கு மருந்து போட வந்தவள், கீழே எங்கோ ரயில் ஊதுவதைக் கேட்டாள். பதுளைக்கு ரயில் வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"அந்த ரயிலு எங்க போகுது, மருத்துவச்சியம்மா?"

"கொழும்புக்கு."

"நடுவுல எறங்க விடுவாங்களா?"

"டிக்கெட் வாங்குன எடத்துல எறங்கலாம்."

"எறங்கி?"

"சுத்திப் பாத்துட்டுத் திரும்பி வரலாம்."

அவள் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். "அதுக்குக்கூட ஆளுங்க போவாங்களா?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

அடுத்த முறை மருந்து வாங்கப் பதுளைக்குப் போனபோது, ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்த நேர அட்டவணையைக் காய்ச்சலுக்குத் தரும் கொய்னாப் பொட்டலத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். பஸ் எப்போது வரும், எப்போது போகும் என்று பஸ் ஏறும் பசறையில் கடைக்காரர்களிடம் விசாரித்தேன். ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு திட்டம் போட்டோம். சனிக்கிழமை புறப்பட்டு பஸ்ஸில் பதுளை, அங்கிருந்து ரயிலில் அப்புத்தளை, ஞாயிறு அங்கே, திங்கட்கிழமை வெலிமடை வழியாக பஸ்ஸில் திரும்புவது. அவசரம் கூடாது. எந்த வண்டிக்காகவும் ஓடக் கூடாது. இன்னொன்றும் முடிவு செய்தோம்: காசு கொடுத்த எவரும் ஏறக்கூடிய வண்டியில்தான் ஏறுவோம். பெரிய கங்காணியின் கூடார வண்டி வேண்டாம். முதலாளி மோட்டார் வேண்டாம். ஏற்றிவிட்டவர் ஆயுள் முழுக்க அதைச் சொல்லிக் காட்டுவார்.

லீவு கேட்கக் கணக்கப்பிள்ளையிடம் போனோம். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பேனாவை மையில் தோய்த்துக்கொண்டே, "யாரு செத்தது?" என்றார்.

"யாரும் சாகலைங்க."

"அப்ப கல்யாணமா?"

"இல்லைங்க. அப்புத்தளை பாக்கப் போறோம்."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லைங்க. ஊரைத்தான் பாக்கப் போறோம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இங்க பாரும்மா அன்னம். இந்தப் புஸ்தகத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. சாவுன்னு சொல்லு, எழுதுறேன். கல்யாணம்னு சொல்லு, எழுதுறேன். ஊரு பாக்கன்னு எழுதுனா தொரை என்னையப் பாப்பாரு. ஒரு சித்தியைச் சாகடிச்சா என்ன கொறஞ்சிரும்?"

"எனக்கு இருக்கறது ஒரே சித்திங்க. நல்லா இருக்காங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "வெளையாடாத. சாவுன்னு சொன்னா என் வண்டியிலயே பதுளைக்கு அனுப்பி வைக்கிறேன்."

காமாட்சியக்கா அதுவரை வாசல்படியில் நின்றிருந்தாள். "எங்க ஆத்தா நெசமா செத்தப்ப ஒரு நாள்தாங்க லீவு குடுத்தீங்க. இப்பப் பொய்யா சாகடிச்சா மூணு நாள் குடுப்பீங்களா?" என்றாள்.

அவர் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். லீவு கிடைக்கும் என்று நாங்கள் காத்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "வேலைப் பதிவுல இருந்து பேரை வெட்டிட்டா என்ன செய்வே?" என்றார். "வெட்டட்டும்" என்றேன். அடுப்பை எட்டிப் பார்த்தார். "சரி, போயிட்டு வா. நான் கஞ்சி வச்சுக்கிறேன்" என்றார். அந்த வாரம் பிரசவத்துக்கு யாரும் இல்லை. அவசரம் வந்தால் கீழ்த் தோட்டத்து மருத்துவச்சி வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை விடிந்ததும் ஆளுக்கொரு துணிமூட்டையோடு இறங்கினோம். ஓடிப்போகிறவர்கள் குறுக்குப் பாதையில் போவார்கள். நாங்கள், காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு முன்னால், எல்லாரும் பார்க்க, வண்டிப் பாதையில் நடந்து போனோம்.

பஸ் என்பது ஒரு லாரியின் முதுகில் பலகை அடித்து, மேலே தகரம் போட்ட வண்டி. ஆட்களைவிடக் கோழிகள் அதிகம். ஏறி உட்கார்ந்ததும் எதிர்ப் பலகையில் இருந்த சிங்களக் கிழவி அக்காவின் விதவைச் சேலை, என் மருத்துவச்சிச் சேலை இரண்டின் வெள்ளையையும் மூட்டைகளையும் பார்த்து வருத்தமாக ஏதோ கேட்டாள். காமாட்சியக்காவுக்குச் சிங்களம் தெரியும். "யார் வீட்டுச் சாவுன்னு கேக்குறா" என்றாள். "யாரும் சாகலைன்னு சொல்லுக்கா" என்றேன். அவள் சொன்னாள். கிழவி நம்பவில்லை. பதுளை வரும்வரை எங்களைப் பார்த்துப் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தாள்; பெரிய துக்கத்தை மறைக்கிறோம் என்று நினைத்திருப்பாள். இறங்கும்போது இரண்டு வாழைப்பழம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டோம்.

பதுளைக் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. என்னைப் போல் இந்தியாவிலிருந்து வந்தவர் நடத்துவதுதான். பேச்சிலேயே மதுரைப் பக்கம் என்று தெரிந்தது. உள்ளே கால் வைத்ததும், "தோட்டத்து ஆளுங்களுக்குப் பின்பக்கம்" என்றார். பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். ஈரத்தரையும் குடிக்கச் சிரட்டைகளும் இருந்தன. கப்பலில் அவரும் நானும் ஒரே தளத்தில் படுத்துத்தான் வந்திருப்போம். "அப்ப எங்களுக்குப் பசிக்கலைங்க" என்று வந்துவிட்டோம். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றையும் சுட்ட கருவாட்டையும் சாப்பிட்டோம். கருவாட்டு வாசனைக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார். இடம் தாராளமாகக் கிடைத்தது.

டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் காமாட்சியக்கா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் முன்பு தாலிக் கயிறு கிடந்த இடத்தில் செருகிக்கொண்டாள். நானும் என்னுடையதைத் திருப்பிப் பார்த்தேன். இந்த நாட்டு ரயிலில் நான் முதலில் ஏறியது மன்னார்க் கரையில். ஆள் கூட்டி வந்த கங்காணி எங்களை எண்ணி ஏற்றினான், எண்ணி இறக்கினான். பண்டாரவளையில் ஒரு தலை குறைகிறது என்று மறுபடி எண்ணினான். இந்த முறை யாரும் எண்ணவில்லை. நானாக ஏறினேன்.

மூன்றாம் வகுப்பு மரப்பலகை. ஜன்னலைத் திறந்தால் கண்ணில் கரித்தூள். மூடினால் மூச்சு முட்டும். திறந்தே வைத்தோம். எங்கள் திருச்சிப் பக்கத்து ரயில் பொட்டல் வெளியில் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். இது மூச்சு வாங்கி வாங்கி ஏறுகிறது. தெமோதரைக்குப் பக்கத்தில் ஒரு சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்து, மலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, சுரங்கத்துக்கு நேர் மேலே இருக்கிற ஸ்டேஷனில் போய் நின்றது. காமாட்சியக்கா தலையை வெளியே நீட்டிக் கீழே பார்த்தாள்.

"நாம இப்பத்தானே அதுக்குள்ள போனோம்?"

"ஆமாக்கா."

"இந்தச் சுத்துப் பாதையைக் கட்டுனவன் நல்லா இருக்கணும்" என்றாள். பிறகு எல்ல ஸ்டேஷனுக்கு முன்னால் பள்ளத்தாக்கின் மேல் ஒரு கல்பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது பேசவே இல்லை. என் முழங்கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

எல்ல ஸ்டேஷனில் ஒருவர் ஏறினார். கோட்டு, தலைப்பாகை, காதில் கடுக்கன். ஏதோ ஒரு தோட்டத்துப் பெரிய கங்காணி. எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எங்கள் கால்களைப் பார்த்தார். கொழுந்துக்காரியின் கால்களை மறைக்க முடியாது. அட்டை கடித்த தழும்புகள் இருக்கும்.

"எந்தத் தோட்டம்?" என்றார்.

பெயரைச் சொன்னேன்.

"துண்டு இருக்கா?"

துண்டு என்பது முன்பு தோட்டத்தை விட்டுப் போகிறவர்களிடம் இருக்க வேண்டிய சீட்டு. அது இல்லாதவரை எந்தத் தோட்டமும் எடுக்காது. பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள். சட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். மலையில் இருந்த கங்காணிமார் வாயிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. பெட்டியில் இருந்த எல்லாரும் எங்களையே பார்த்தார்கள்.

"இருக்குங்க" என்றேன். என் ரயில் டிக்கெட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இதையா கேட்டேன்?"

"இந்த வண்டியில கேக்க வேண்டிய துண்டு இதுதாங்க. அதையும் ரயில்வே உடுப்புப் போட்டவருதான் கேக்கணும்."

மூலையில் இருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி வாய்விட்டுச் சிரித்தார். "நாயமான பேச்சு" என்றார். கங்காணி எழுந்திருப்பார், ரயில் கார்டைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவர் பண்டாரவளை வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்து, இறங்கும்போது, "திரும்பிப் போனதும் தெரியும் உங்களுக்கு" என்றார். "நாங்க திரும்பிப் போவோம்னாவது தெரியுதே" என்றாள் காமாட்சியக்கா. அதன் பிறகுதான் டிக்கெட்டை மடியில் செருகினேன்.

அந்த முஸ்லிம் வியாபாரியும் எங்களோடு அப்புத்தளையில் இறங்கினார். ஸ்டேஷனுக்கு வெளியே மூடுபனி. பத்தடி தூரத்தில் இருந்த மாடு தெரியவில்லை. மணிச் சத்தம் மட்டும் வந்தது. ஊருக்கு மேலே இருந்த விடுதி வெள்ளைக்காரருக்கு. அதைப் பற்றி முன்பே தெரியும். பொது மடத்தில் திண்டாடுவோம் என்று நினைத்திருந்தோம். வியாபாரி, "எங்கட வீட்டுல பொம்பளையளுக்கு ஒரு அறை இரிக்கி. வாற வியாபாரிமார்ர வீட்டு ஆக்கள் தங்குவாங்க. வாங்க" என்றார். அவருடைய கடைக்குப் பின்னாலேயே வீடு, மனைவி பெயர் ஜெய்னம்பு. நாங்கள் உள்ளே போனதும் யார் செத்தது என்று கேட்காத முதல் மனுஷி அவர்தான். "குளிருதா?" என்று கேட்டார். சுடச்சுடத் தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் கொடுத்தார்.

தேத்தண்ணியை ஒரு வாய் குடித்த காமாட்சியக்கா கோப்பையைத் தூக்கிப் பார்த்தாள். "இது என்ன தூளு?"

"நல்ல தூள். தோட்டத்துத் தூள்தான்" என்றார் ஜெய்னம்பு.

"நாங்க குடிக்கறது இது இல்லை" என்றாள் அக்கா. வாழ்நாள் முழுக்கப் பறித்தவள் அந்தச் சாயங்காலம்தான் நல்ல தேயிலை குடித்தாள். மூன்று கோப்பை குடித்தாள். நான் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு எந்த வேலையும் இல்லை. அதைத்தான் மிகவும் கஷ்டப்பட்டுப் பழக வேண்டியிருந்தது. விடியற்காலையில் பழக்கத்தில் எழுந்துவிட்டோம். எழுந்து என்ன செய்வது? காமாட்சியக்கா ஜெய்னம்புவின் வாசலைக் கூட்டப் போனாள். அவர் விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டு, "நீங்க விருந்தாளி" என்றார். பிறகு ஆப்பமும் மாசிச் சம்பலும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தார். மாசிக் கருவாட்டை இடித்து வெங்காயமும் மிளகாயும் சேர்த்த அந்தச் சம்பல் என் நாக்கைச் சுட்டது. எங்கள் ஊர் ஆப்பத்துக்கு இப்படி ஒரு துணை கிடையாது. நான் ஐந்து சாப்பிட்டேன். அக்கா ஏழு.

ஊரின் தெற்குப் பக்கம் மலை சட்டென்று முடிகிறது. அதற்கு அப்பால் கீழே சமவெளி. தெளிவான காலையில் கடல் வரைக்கும் தெரியும் என்று ஜெய்னம்பு சொல்லியிருந்தார். காமாட்சியக்காவுக்கு அது போதும். அவளுடைய அம்மா அவளை வயிற்றில் வைத்துக்கொண்டு கடல் தாண்டி வந்தவர். மகளோ கடலைப் பார்த்ததே இல்லை.

ரோட்டோரத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். எதிரே பனி, வெள்ளைச் சுவர் போல. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். கீரைக்காரர்கள் போனார்கள். கோயிலுக்குப் போகிற சிங்களக் குடும்பம் ஒன்று போனது. குதிரையில் வந்த ஒரு வெள்ளைக்காரர், நாங்கள் எழுந்து நிற்பதற்காகக் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தார். தோட்டத்தில் என்றால் துரை வந்தால் குடையை மடக்க வேண்டும், ஓரம் போக வேண்டும். என் கால்கள் தானாகவே எழப் பார்த்தன. அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அவரு நம்ம தொரை இல்லை. உக்காரு" என்றாள். அதுவரை என்னை 'மருத்துவச்சியம்மா' என்றவள் முதல் முறையாக ஒருமையில் சொன்னாள். உட்கார்ந்தேன். வெள்ளைக்காரர் போய்விட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை என்பது எனக்கு வெகு நேரம் ஆச்சரியமாக இருந்தது.

பிறகு காற்று திரும்பியது. பனி நடுவில் கிழிந்தது. கீழே, நினைத்தே பார்க்காத ஆழத்தில், காடும் குளங்களுமாகப் பச்சை நிலம் விரிந்தது. அதன் கடைசியில் ஒரு வெள்ளிக் கோடு.

"அதுவா?" என்றாள் அக்கா.

"அதுதான்னு நெனைக்கிறேன்."

"இவ்வளவு தூரத்துல இருந்தா எங்க ஆத்தா நடந்து வந்துச்சு?" என்றாள். அவள் அம்மா வந்தது வேறு கடல் வழி, வேறு பாதை. அதை நான் திருத்தவில்லை. மறுபடி பனி மூடியது. இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை வெலிமடை பஸ். ஜெய்னம்பு இடியப்பம் கட்டிக் கொடுத்தார். "இனி வரக்குள்ள முன்கூட்டியே சொல்லத் தேவல்ல, வந்துருங்க" என்றார். எங்கள் திட்டப்படி மதியத்துக்குள் பதுளை, சாயங்காலம் தோட்டம். நடுவழியில் ஒரு ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் இருந்து ஆவி சீறியது. டிரைவர் இறங்கிப் போய், வாய்க்காலில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றி, கெஞ்சி, திட்டிப் பார்த்தார். நகரவில்லை. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். கடைசியில் நாங்களும் தள்ளினோம். முப்பது அடி ஏறியது. நாற்பது அடி இறங்கியது.

ரோட்டுக்குக் கீழே ஒரு உருளைக்கிழங்குத் தோட்டம். அங்கே வேலை செய்துகொண்டிருந்த சிங்களக் கணவனும் மனைவியும் எங்கள் கூத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சட்டி நிறையக் கிழங்கு அவித்து உப்போடு கொண்டுவந்து வைத்தார்கள். செருப்புப் போட்டவரிலிருந்து கூடைக்காரி வரை எல்லாரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து தோலை உரித்துத் தின்றோம். காமாட்சியக்கா அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டு வந்தாள். "இது அவங்க சொந்த மண்ணாம். விடியக்காலம் எந்திரிக்கச் சொல்லி யாரும் கொம்பு ஊத மாட்டாங்களாம்" என்றாள். "ஆனா அவ எந்திரிச்சிருவாளாம்." அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பஸ் எப்படியோ கிளம்பிப் பதுளை சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. பசறைப் பஸ் போய்விட்டது. ஓடக் கூடாது என்று முடிவு செய்திருந்தோம் அல்லவா, ஓடவில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்து மடத்தில் படுத்து, செவ்வாய்க்கிழமை காலைப் பஸ்ஸில் போய் இறங்கினோம். திட்டத்தைவிட அரை நாள் கூடுதல்.

ஆபீஸுக்கு வரச் சொல்லி ஆள் காத்திருந்தான். துரை மேஜைக்குப் பின்னால் இருந்தார். கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்றார்; என் கண்ணைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. துரை, அவருக்குத் தெரிந்த தமிழில், "மருத்துவச்சி. உன் அம்மா செத்துப் போச்சு. நமக்கு ரொம்ப வருத்தம்" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்தோ, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவோ, கணக்கப்பிள்ளை அந்தக் காரணக் கட்டத்தில் என் அம்மா சாவு என்றும் அக்கா துணை என்றும் எழுதிவிட்டிருக்கிறார். திருச்சி எவ்வளவு தூரம் என்று துரை கேட்கவில்லை போலும். நான் தலையைக் குனிந்து நின்றாலே போதும். முடிந்துபோகும். துரை இரக்கமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர், எங்கள் அறை, ஆறு வருட வேலை எல்லாம் மனதில் ஓடின. திருச்சியில் கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருக்கும் அம்மாவும் வந்து நின்றார்.

"எங்க அம்மா சுகமா இருக்காங்க, தொரை" என்றேன். "நாங்க அப்புத்தளைக்கு ஊரு பாக்கப் போனோம். கேட்டோம், தரலை. போயிட்டு வந்தோம்."

துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"ஊர் பாக்க?" என்றார் துரை. "கூலி ஆள் ஊர் பாக்க?"

"ஆமாங்க. நீங்க நுவரெலியா போறீங்கள்ல. அந்த மாதிரி."

அவர் முகம் சிவந்தது. காமாட்சியக்காவிடம் திரும்பினார். "நீ? நீயும் ஊர் பாக்கவா?"

"நான் கடலு பாத்தேன், தொரை" என்றாள் அவள்.

எங்கள் இருவர் பேரையும் பத்து நாளைக்கு வெட்டினார். அந்தப் பத்து நாளும் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. மருந்துக் காம்பராவை ஒட்டிய அறையையும் காலி செய்யச் சொன்னார். லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் போனோம். பிரசவம் வந்தால் மட்டும் நான் போக வேண்டும் என்றார். பெயர் வெட்டுப்பட்டிருந்தும் பிள்ளைகள் பிறப்பதை அவரால் நிறுத்த முடியவில்லை. போனேன்.

வெளியே படியில் கணக்கப்பிள்ளை எங்களைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. "ஒரு வார்த்தை பேசாம இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்லம்மா. நல்லதுக்குத்தானே எழுதுனேன்."

"உங்க அம்மான்னா எழுதியிருப்பீங்களா?" என்றேன். அவர் உள்ளே போனார்.

அந்தப் பத்து நாள் சாப்பாட்டை லயத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு கருவாடு. எங்கள் காம்பராக் கூரை ஒழுகியது. வீட்டுக்காரர் அடைத்துக்கொண்டே, "கடலு நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

நான்காம் நாள் காமாட்சியக்காவைக் காணவில்லை. ஓடிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரியும், என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். கையில் இருந்த ஒரே வெள்ளி வளையலை விற்று, தனியாகப் பஸ் ஏறி, தனியாக ரயில் ஏறி, ஜெய்னம்பு வீட்டில் சில நாள் தங்கி, அங்கிருந்து நுவரெலியாவுக்கு இறங்கும் ஸ்டேஷனான நானுஓயா வரை போனாள். பேர் வெட்டிய பத்து நாள் முடியும் சாயங்காலம் திரும்பி வந்தாள்.

பதினோராம் நாள் காலைப் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் கணக்கப்பிள்ளை அவளை நிறுத்தினார். குரலை உயர்த்தி, "இத்தனை நாள் எங்க போயிருந்தே?" என்று கேட்டார்.

"நானுஓயாவுக்கு, ரயில்ல. யாரும் சாகலைங்க" என்றாள் காமாட்சியக்கா, வரிசை முழுவதும் கேட்கும்படி.

யாரும் சிரிக்கவில்லை. கணக்கப்பிள்ளை புத்தகத்தைத் திறந்து அவள் பெயருக்கு நேரே வேலைக்கு வந்ததாகப் புள்ளி வைத்தார். அடுத்த பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தபோது, கொழுந்துக்கூடைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"பதுளையில எத்தனை மணிக்குக்கா வண்டி?"

காமாட்சியக்கா திரும்பிப் பார்க்காமலே நேரத்தைச் சொன்னாள்.